மனச்சிதைவு மாத்திரை எடுப்பவரின் உடம்பை யார் பார்ப்பது? முதல் வருடத்துக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பிக்கு 34 வயதில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி ஓலன்சபின் ஆரம்பித்தார்கள். ஐந்தாவது மாதம் அவன் பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கும் வெளியே, ஆணியைச் சுட வைத்து நானே ஒரு ஓட்டை போட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். காதில் கேட்ட குரல் நின்றுவிட்டது, ராத்திரி தூங்குகிறான், வைத்த சோற்றைச் சாப்பிடுகிறான். "இப்பதான் மொகத்துல களை வந்திருக்கு" என்றார் அத்தை. 61 கிலோ இருந்தவன் 74 ஆகியிருந்தான். இரண்டாம் வருடம் வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. 100-க்குக் கீழே இருக்க வேண்டியது.

மனநல ஓபியில் (வெளிநோயாளர் பிரிவு) கேட்டேன். "அதை மெடிசின் ஓபியில காட்டுங்கம்மா." மெடிசின் ஓபியில் கேட்டேன். "மாத்திரை எழுதினது அவங்கதானே, அங்கேயே கேளுங்க." இரண்டு ஓபிக்கும் நடுவிலுள்ள வராண்டாவில்தான் என் தம்பியின் உடம்பு ஒன்றரை வருடம் கிடந்தது.

இது மாத்திரையை நிறுத்தச் சொல்லும் கட்டுரை இல்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். ஆனால் கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு தற்கொலை இல்லை. மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் என்று எல்லோருக்கும் வரும் நோய்கள்தான். மாத்திரை பசியைக் கிளப்புகிறது. எடை ஏறாமலேயே சர்க்கரையை ஏற்றவும் செய்யலாம். அதோடு பீடி, நாள் முழுக்கப் படுக்கை, அரைமணிக்கொரு காபி. இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, யாரும் அளந்து பார்க்காதது.

நான் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் தனியார் லேப்களிலும் அலைந்து கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மாத்திரை ஆரம்பிக்கும் வாரமே ஆரம்ப அளவை எடுத்துவிடுங்கள்

"முன்னாடி எவ்வளவு இருந்தது?" என்றுதான் பின்னால் எல்லா டாக்டரும் கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லை. 61 கிலோ என்பதே பழைய கம்பெனி மெடிக்கல் சீட்டிலிருந்து தேடி எடுத்தது.

எடுக்க வேண்டியவை: எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்), கொழுப்பு (லேப்பில் 'லிப்பிட் புரொஃபைல்' என்று கேளுங்கள்), ஒரு ஈசிஜி. நோய் முற்றிய நிலையில் அட்மிட் ஆகியிருந்தால் இதெல்லாம் அப்போது நினைவுக்கு வராது. பரவாயில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், "பேஸ்லைன் டெஸ்ட் எடுத்தீங்களா சார், காப்பி கிடைக்குமா?" என்று கேளுங்கள். வார்டில் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் கேஸ் ஷீட்டிலேயே ஒட்டிக் கிடக்கும், வீட்டுக்கு வராது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தன் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. சட்டத்தை எடுத்துப் பேசத் தேவை வராது. பணிவாகக் கேட்டாலே பெரும்பாலும் தருகிறார்கள்.

ஏற்கெனவே மாத்திரை ஆரம்பித்துப் பல மாதம் ஆகிவிட்டதா? இன்றைக்கு எடுப்பதுதான் உங்கள் ஆரம்ப அளவு.

2. ஒரே நோட்டு

ஓபி சீட்டு ஒன்று, லேப் பேப்பர் ஒன்று, ஊசி அட்டை ஒன்று என்று சிதறவிடாதீர்கள். ஒரு நூறு பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் மாத்திரைகளின் பெயர், அளவு, ஆரம்பித்த தேதி. கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாதீர்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதுங்கள். கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும். அடுத்த பக்கங்களில் தேதி, எடை, இடுப்பு, பிரஷர், சர்க்கரை. லேப் ரிசல்ட்டைப் போட்டோ எடுப்பதோடு விடாமல் நம்பரை நோட்டில் எழுதிவிடுங்கள். சில லேப்களின் வழவழப்பான பேப்பரில் ஒரு வருடத்தில் எழுத்தே இருக்காது.

இரண்டு ஓபிக்கும் இதே நோட்டுதான் போக வேண்டும். மெடிசின் டாக்டர் எழுதியதை மனநல டாக்டரும், அவர் எழுதியதை இவரும் பார்க்க வேறு வழி இல்லை.

3. எடையும் டேப்பும்

முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை எடை. அப்புறம் பன்னிரண்டாவது வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல் ஆறு வாரம்தான் முக்கியம். ஓலன்சபின், க்ளோசபின் இரண்டும் எடையை அதிகம் ஏற்றுபவை. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் நடுத்தரம். அரிப்பிப்ரசோலில் குறைவு. முதல் மாதத்திலேயே உடல் எடையில் 5 சதவீதம் ஏறினால், அதாவது 61 கிலோ ஆள் 64 ஆனால், அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாமா, கூட ஏதாவது சேர்க்கலாமா என்று யோசிக்க அதுதான் நேரம். ஏறிய 13 கிலோவை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும்.

இடுப்புக்குத் தையல்காரர் டேப், கடையில் 20 ரூபாய். தொப்புளை ஒட்டி, மூச்சை விட்டபின், இறுக்காமல் அளக்க வேண்டும். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் அது மாறவே மாறாது.

தம்பி முதலில் டேப்பைத் தொடவே விடவில்லை. தன்னை ஏதோ செய்யப்போகிறோம் என்ற சந்தேகம் அவனுக்கு அப்போது முழுசாகப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் என் இடுப்பை அளந்து நோட்டில் எழுதினேன். 94. "அக்கா, உனக்குத்தான் டெஸ்ட் எடுக்கணும்" என்றான். அப்புறம் டேப்பை வாங்கித் தானே அளந்துகொண்டான். (எனக்கும் சர்க்கரை எல்லையில்தான் இருந்தது. அது வேறு கதை.)

4. ரத்தப் பரிசோதனை: எப்போது, எவ்வளவு

ஆரம்பத்தில் ஒருமுறை, பன்னிரண்டாவது வாரம் ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை. அளவுகள் எல்லையில் இருந்தாலோ எடை ஏறிக்கொண்டே இருந்தாலோ இடைவெளி குறையும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குக் கீழே நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய் என்று சந்தேகித்து இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். எச்பிஏ1சி 5.7-ல் எச்சரிக்கை தொடங்குகிறது, 6.5-ல் சர்க்கரை நோய். ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை) 150-க்கு மேல் போனால் கேளுங்கள்.

தனியார் லேப்பில் நான் கடைசியாகக் கொடுத்தது: வெறும் வயிற்றுச் சர்க்கரை 60 ரூபாய், எச்பிஏ1சி 450, கொழுப்பு 500, ஈசிஜி 250. மொத்தம் 1,260. ஊருக்கு ஊர் மாறும். அரசு மருத்துவமனையில் காசு இல்லை, நேரம்தான் செலவு. எங்கள் ஊரில் ஓபி சீட்டு காலை ஏழரைக்கு ஆரம்பம், ரத்தம் எடுப்பது பதினொன்றோடு முடிந்துவிடும், ரிசல்ட் மறுநாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் அன்றே பார்த்துவிடலாம். அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

இதில் நான் விழுந்த பள்ளங்கள்:

வெறும் வயிறு. ராத்திரி ஓலன்சபின் போட்டவருக்கு விடியற்காலையில் வரும் பசி சாதாரணப் பசி இல்லை. மூன்று முறை நாங்கள் லேப் வாசல் வரை போனபின், "ரெண்டு பிஸ்கட்தான் அக்கா சாப்பிட்டேன்" என்று திரும்பியிருக்கிறோம். இப்போது டெஸ்ட் அன்று ஏழு மணிக்கே கிளம்பிவிடுவோம். டப்பாவில் இட்லி, ஊசி குத்திய அடுத்த நிமிடம் லேப் வாசலிலேயே சாப்பாடு. அதுவும் முடியாதவருக்கு எச்பிஏ1சி மட்டும் எடுக்கலாம், அதற்குப் பட்டினி தேவையில்லை. ஆனால் அது கடந்த இரண்டு மூன்று மாத சராசரி என்பதால் மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களின் ஏற்றத்தைக் காட்டாது. ரத்தசோகை இருந்தாலும் கணக்கு தப்பும்.

"ஊசிதானே போடறோம்." மாதம் ஒருமுறை ஃப்ளூஃபெனசின், ஹாலோபெரிடால் ஊசி போடுபவருக்கும் இந்த டெஸ்ட்கள் உண்டு. மாத்திரை வாங்க வராததால் இவர்களைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள்.

மெட்ஃபார்மின். இது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. எடை ஏறுவதைக் கட்டுப்படுத்த, சர்க்கரை நோய் வராமலேயே சில டாக்டர்கள் இதை எழுதுவார்கள். "இவனுக்குத்தான் சுகர் இல்லையே" என்று எங்கள் வீட்டில் ஒருவர் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எதற்காக எழுதியது என்று நோட்டில் மாத்திரைப் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

5. க்ளோசபின் எடுப்பவர்களுக்கு மட்டும்

மற்ற மருந்துகள் கேட்காதபோது தருவது. தம்பிக்கு மூன்றாம் வருடம் மாற்றினார்கள். நல்ல மருந்து, அவனை எங்களுக்குத் திருப்பித் தந்தது இதுதான். ஆனால் சும்மா விட முடியாத மருந்து.

முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை ரத்த அணுக்கள் எண்ண வேண்டும். அதன் பிறகு இடைவெளியை டாக்டர் நீட்டுவார். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை சிலருக்குத் திடீரென்று விழுந்துவிடும், அதைப் பிடிக்கத்தான் இது. 'சிபிசி' என்று மட்டும் சொன்னால் சில லேப்கள் மொத்த எண்ணிக்கையை மட்டும் தருகின்றன. 'டிஃபரன்ஷியல் கவுன்ட்டோட' என்று சொல்லுங்கள். கணக்கு நீங்களே போடலாம். மொத்த வெள்ளை அணுக்கள் 6,200, நியூட்ரோபில் 58 சதவீதம் என்றால் 6,200-ஐ 58-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 3,596. இது 1,500-க்குக் கீழே போனால் அன்றே டாக்டருக்குப் போன், அடுத்த வேளை மாத்திரை அவர் சொன்ன பிறகுதான். 2,000-க்குக் கீழே இறங்கினாலே அவரிடம் காட்டிவிடுங்கள். தனியாரில் ஒரு தடவைக்கு 250 ரூபாய், 18 வாரத்துக்கு 4,500. எந்தக் கிழமை என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் செவ்வாய்.

காய்ச்சல், தொண்டை வலி வந்தால் பாரசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காதீர்கள், அன்றே சிபிசி. முதல் இரண்டு மாதத்துக்குள் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், காரணமில்லாத படபடப்பு வந்தால் இதயத் தசை வீக்கமாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

யாரும் சொல்லாதது மலச்சிக்கல். இந்த மருந்து குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. குடல் அடைத்து உயிர் போனவர்கள் உண்டு. நோட்டில் தனிக் கட்டம் போட்டு வெளிக்குப் போன நாளைக் குறியுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. மூன்று நாள் ஆனால் டாக்டரிடம் கேளுங்கள். வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வந்தால் எமர்ஜென்சி. இசப்கோல் கடையில் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்கித் தராதீர்கள், அசையாத குடலில் அது மேலும் அடைக்கும். கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிஃபெனிடிலும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பு.

கடைசியாக ஒன்று. ஏதோ காரணத்தால் 48 மணி நேரத்துக்கு மேல் க்ளோசபின் விட்டுப்போனால், பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது. அடிமட்ட அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் மாத்திரையை மறந்துவைத்துவிட்டு வரும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

6. பீடி, சிகரெட்

புகை விட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஓலன்சபினோ க்ளோசபினோ எடுப்பவர் திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கி இந்த மருந்துகளை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. புகை நின்றால் கரைவதும் குறைகிறது, பழைய அளவு மாத்திரையே அதிகமாகிவிடுகிறது. தம்பி வேறொரு காரணத்துக்காக வார்டில் பத்து நாள் இருந்தபோது பீடி கிடைக்கவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து எச்சில் ஒழுக, எழுப்பினாலும் எழாமல் கிடந்தான். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து நான் அழுதேன். வீடு திரும்பிப் பீடியைத் தொட்டதும் பழையபடி தெளிந்துவிட்டான்.

ஆகவே விடுவதற்கு முன் மனநல டாக்டரிடம் தேதியைச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார். மறுபடி ஆரம்பித்தாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், திட்டாதீர்கள். நிகோடின் சூயிங்கம் இந்த மாற்றத்தைச் செய்யாது. காரணம் புகைதான், நிகோடின் இல்லை. புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800 11 2356. காபியோ க்ளோசபின் கரைவதைக் குறைத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும் என்பதால், நாளுக்கு எட்டு டம்ளர் குடிப்பவர் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

7. மெடிசின் ஓபியில் பேசும் வரிசை

தம்பிக்கு மாடி ஏறும்போது நெஞ்சு அடைத்தது. நான் நோட்டை நீட்டி, "சார், இவன் மனநல ஓபி பேஷன்ட்" என்று ஆரம்பித்தேன். டாக்டர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "டென்ஷன்தான்மா, அங்கேயே காட்டுங்க."

அடுத்த முறை வரிசையை மாற்றினேன். "சார், மூணு நாளா மாடிப்படி ஏறினா நெஞ்சு அடைக்குது. நின்னா சரியாகுது. வயசு 38. பீடி உண்டு. சர்க்கரை 118. அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்கு." உடனே ஈசிஜி எழுதினார். அதன் பிறகுதான் மாத்திரைப் பட்டியலைக் காட்டினேன். காட்டாமல் இருந்துவிடாதீர்கள், மனநல மருந்துகளில் சில இதயத் துடிப்பின் லயத்தை மாற்றும், அவற்றோடு சேரக்கூடாத ஆன்டிபயாட்டிக்குகள் உண்டு. மறைக்கச் சொல்லவில்லை, இரண்டாவதாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

முடிந்தவரை நோயாளியையே பேச விடுங்கள். தம்பி இப்போது முதல் இரண்டு வரியை அவனே சொல்கிறான், டாக்டர் முகம் அவன் பக்கம் திரும்புகிறது.

8. பேப்பர்கள்

ரத்தப் பரிசோதனைக்கு மாற்றுத்திறனாளி அட்டை தேவையில்லை. ஆதார், போன் நம்பர், பழைய ஓபி சீட்டு போதும்.

பெரிய செலவு வந்தால் கைகொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்கு நோயாளியையும் அழைத்துப் போங்கள். இங்கே ஒரு பொறி: ரேஷன் கார்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்பா இறந்தபின் தம்பி என் வீட்டுக்கு வந்தான். அவன் பெயர் அந்தக் கார்டிலும் இல்லை, இந்தக் கார்டிலும் இல்லை. அதைச் சேர்ப்பதற்கே எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. நெஞ்சுவலி வந்தபிறகு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பிரஷரோ சர்க்கரையோ உறுதியாகிவிட்டால், 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதியுங்கள். அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். கூட்டத்தைக் கண்டால் மிரளும் ஆளுக்கு இது பெரிய விஷயம். மனநல மாத்திரைக்கு மட்டும் பழையபடி ஓபிதான். உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுவைத்தால் பஸ் செலவு மிச்சம்.

9. காத்திருக்கக் கூடாதவை

அதிகக் காய்ச்சலோடு உடம்பு கட்டை போல் விறைத்து, வியர்த்து, பேச்சு குழறினால் மருந்தின் அரிதான, உயிருக்கே ஆபத்தான விளைவு அது. தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீரென்று எடை இறங்குவது மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை எகிறியிருக்கிறது. நெஞ்சுவலி யாருக்கு வந்தாலும் நெஞ்சுவலிதான். 108-ஐக் கூப்பிடுங்கள். உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே ஆம்புலன்ஸ் வசதி மனநோய் உள்ளவருக்கும் உண்டு என்று 2017 சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. ராத்திரி நேரத்தில் மனநிலை பற்றிக் குழப்பமாக இருந்தால் டெலி மானஸ், 14416, தமிழிலேயே பேசலாம்.

10. கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்

ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு எடுக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம். வீட்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு சண்டை வருவதற்கு முன் ப்ரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு வரலாம். அக்காவிடமோ அம்மாவிடமோ சொல்லமாட்டார்கள், சத்தமில்லாமல் மாத்திரையை ஜன்னல் வழியே எறிவார்கள். டாக்டரோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் விட்டுவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். நான் வெளியே வந்து நின்ற முதல் முறைதான் தம்பி மாத்திரை எறிந்த கதையே வெளியே வந்தது.

பல்லையும் வருடம் ஒருமுறை காட்டுங்கள். மருந்தால் வாய் உலர்ந்து, கூடவே இனிப்புக் காபியும் சேர்ந்து தம்பிக்கு நான்கு கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. பல் டாக்டரிடமும் அதே நோட்டுதான்.